விளையாட்டுக்குள் ஒரு முக்தி

துவாரகா அடுக்ககத்தில் அக்கா மகன் விடிய விடிய ஆடும் ‘மாரோவிண்ட்’ 2002இல் வந்த அமெரிக்க விளையாட்டு. அதில் சம்மணமிட்டு அந்தரத்தில் மிதக்கும் விவெக் என்ற தெய்வத்துக்குப் பாதி உடம்பு பொன்னிறம், மறுபாதி சாம்பல் நிறம். (மாதொருபாகனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன?) விவெக்கின் உபதேசங்கள் 36. நம் சைவத்தில் தத்துவங்களும் 36, தற்செயலாகவே இருக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அந்த விளையாட்டின் புராணத்தில் ஊறியவர்கள் ‘கிம்’ என்றொரு நிலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். உலகமே ஒரு கடவுள் காணும் கனவு, அதில் நானும் ஒரு துணுக்கு என்று உணர்ந்தவன் அக்கணமே கரைந்து இல்லாமல் போகலாம். அல்லது, உணர்ந்த பிறகும் ‘நான்’ என்பதை விடாமல் நிற்கலாம், அதுதான் ‘கிம்’. முக்தியிலும் உயிர் அழிவதில்லை என்ற சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் இரண்டாமவனோடு கொஞ்ச தூரம் நடந்து வருவார். கொஞ்ச தூரம்தான். ‘கிம்’ அடைந்தவன் உலகத்தையே தன் இஷ்டப்படி திருத்தி எழுதலாம். சித்தாந்தத்திலோ முக்தி பெற்றவனுக்கும் படைத்தல், காத்தல், அழித்தல் முதலான ஐந்தொழில் கிடையாது, அது சிவனுக்கு மட்டுமே. அப்படியொரு முக்தியை ஒரு விளையாட்டில் வைக்க முடியுமா? கடைசிக் கட்டத்தைத் தாண்டியவனுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது, ஆனந்தம் மட்டும்தான் என்றால் எவன் காசு கொடுத்து வாங்குவான்!