படத்துக்குப் பிள்ளையா, பிள்ளைக்குப் படமா?

1/ காதுகுத்து, முதல் பிறந்தநாள், அப்பா லீவுல வந்தாருன்னு எதுவா இருந்தாலும் இப்ப ஒரு 'ஃபேமிலி ஷூட்' உண்டு. அதுல தப்பே இல்ல. ஆனா அதுக்கு முந்தின நாள் ஓபிக்கு வந்து, "சார், புள்ள ரெண்டு மணி நேரம் அழாம இருக்க ஏதாவது சிரப் எழுதிக் குடுங்க"ன்னு கேக்குறாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த இழை. நீளம் ஜாஸ்தி. சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடுன்னா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

2/ நான் புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனை டாக்டர். எம்.பி.பி.எஸ். தான். குழந்தை நல நிபுணர் இல்ல, கேமராவும் தெரியாது. ஆனா தூங்க வைக்க மருந்து கேட்டு வர்றவங்க முதல்ல வந்து உக்கார்றது என் மேசைக்கு எதிர்லதான். அதனால சொல்ற உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

3/ முதல்ல ஒண்ணு. படம் எடுக்குறதை வெட்டி ஆடம்பரம்னு நான் சொல்லவே மாட்டேன். நம்ம அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை பக்கம் எத்தனை வீட்டுல அப்பா சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு இருக்காரு? ஒரு மாச லீவுல எடுக்குற அந்த ஒரு படம்தான் அடுத்த ரெண்டு வருஷத்துக்கு அவர் போன்ல இருக்கும். அதோட அருமை எனக்குத் தெரியும்.

4/ என் சண்டை, அந்தப் படத்துக்குப் பிள்ளையை எப்படித் 'தயார்' பண்ணணும்னு சொல்லித் தர்றவங்களோடதான். அந்தப் பட்டியலைப் பாருங்க. எல்லாரும் ஒரே கலர்ல துணி. டிரெஸ் கறையாகும், அதனால முன்னாடி எதுவும் ஊட்டாதீங்க. மேக்கப் கலையும், தூங்க விடாதீங்க. பிள்ளை எப்ப தூங்கும், எப்ப பால் குடிக்கும்னு அதுல ஒரு வரி இருக்காது. பசியோடயும் தூக்கத்தோடயும் இருக்குற பிள்ளையைக் கொண்டு போய் லைட்டுக்கு முன்னாடி நிறுத்திட்டு, "சிரிக்க மாட்டேங்குது"ன்னு புகார் வேற.

5/ இப்ப சிரப்புக்கு வருவோம். சளி மருந்துல தூக்கம் வர்றது அதுல இருக்குற குளோர்பெனிரமின் மாதிரி மருந்தோட பக்க விளைவு. அது நல்ல தூக்கம் இல்ல. சின்னப் பிள்ளைக்கு அளவு கொஞ்சம் கூடினா மூச்சு மந்தமாகலாம். சில பிள்ளைகளுக்கு நேர் எதிரா வேலை செய்யும்; தூங்காம கத்தித் தீர்க்கும். "பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுத்தோம், நல்லா தூங்குச்சு"ங்கிறது மருத்துவ ஆலோசனை ஆகாது.

6/ 2023 டிசம்பர்ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு உத்தரவு போட்டுச்சு. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு பாட்டில் மேலயே அச்சடிக்கணும்னு. வீட்டுல இருக்குற பாட்டிலை எடுத்துப் படிங்க. எழுத்து பொடிசா இருக்கும், ஆனா இருக்கும்.

7/ 2025 அக்டோபரை மறந்துட்டோமா? மத்தியப் பிரதேசம் சிந்துவாரா பகுதியில 20-க்கும் மேற்பட்ட பிள்ளைங்க சிறுநீரகம் செயலிழந்து போய்ச் சேர்ந்தாங்க. இதே வகை இருமல் சிரப்தான்; அதுல டைஎத்திலீன் கிளைகால்ங்கிற விஷம் கலந்திருந்துச்சு. தயாரிச்ச இடம் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம். அதுக்கப்புறம் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் சொன்னது: 2 வயசுக்குக் கீழ சளி, இருமல் மருந்தே வேணாம், 5 வயசுக்குக் கீழயும் பொதுவாத் தேவையில்ல.

8/ சளி பிடிச்ச பிள்ளைக்கே வேணாம்னு சொல்ற மருந்தை, சிரிக்காத பிள்ளைக்கு எந்தக் கணக்குல குடுக்குறீங்க?

9/ "சிரப் வேணாம் சார், அப்பத்தா சொன்ன கசகசாத் தண்ணி குடுக்குறோம்", "நாக்குல ரெண்டு சொட்டு பிராந்தி தடவுறோம்". வேணாம். கசகசா வர்றது அபின் செடியில இருந்து. பிராந்தி சாராயம். பேரை மாத்தினாலும் வேலை அதேதான். அப்பத்தா மேல மரியாதை இருக்கட்டும்; இந்த ஒரு விஷயத்துல பேச்சைக் கேக்க வேணாம்.

10/ அடுத்தது காய்ச்சல். "அட்வான்ஸ் குடுத்தாச்சு சார், மாத்திரையப் போட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டிடலாமா?" பாரசிட்டமால் காய்ச்சலைக் கொஞ்ச நேரம் இறக்கும். நோய் அப்படியே உள்ளதான் இருக்கும். அவசரத்துல நடக்குற இன்னொரு ஆபத்து, சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் வித்தியாசம் தெரியாம ஊத்துறது. சொட்டு மருந்துல பொதுவா 1 மில்லியில 100 மி.கி. சாதாரண சிரப்புல 5 மில்லிக்கு 125 மி.கி., அதாவது 1 மில்லியில 25 தான். பாட்டில் மாறினா நாலு மடங்கு வித்தியாசம். அளவு பிள்ளையோட எடைக்குத்தான். ஷூட்டிங் நேரத்துக்கு இல்ல.

11/ அதனால அட்வான்ஸ் குடுக்கும்போதே ஒரு கேள்வி கேளுங்க: "புள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா காசு பிடிக்காம தேதி மாத்துவீங்களா?" மாத்த மாட்டோம்னு சொன்னா வேற கடை பாருங்க. 6-வது, 10-வது, 14-வது வாரத் தடுப்பூசி போட்ட ரெண்டு நாளும் ஷூட் வைக்காதீங்க. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்துல வலியும் இருக்கும்.

12/ இப்ப புதுசா பச்சக் குழந்தை ஷூட். பிறந்து ரெண்டு வாரத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க, அப்பத்தான் சுருண்டு தூங்கும்னு சொல்றாங்க. அதே ரெண்டு வாரத்துல என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன். மஞ்சள் காமாலை வர்ற நாட்கள். முதல்ல எடை குறைஞ்சு திரும்ப ஏறுற நாட்கள். தொப்புள் கொடி காய்ஞ்சு விழுற நாட்கள். ஒரு நாளைக்கு 8-ல இருந்து 12 தடவை பால் குடிக்கிற நாட்கள். உடம்புச் சூட்டைத் தானாக் காப்பாத்திக்க முடியாத நாட்கள். அம்மாவுக்கு வயித்துல தையல் இருக்கலாம். இவங்க ரெண்டு பேரையும் ஏசி ஸ்டுடியோவுக்கு வரச் சொல்றது யாரோட வசதிக்கு?

13/ கன்னத்தைக் கையில தாங்கிட்டுத் தூங்குற மாதிரி ஒரு பச்சக் குழந்தை படம் பார்த்திருப்பீங்க. முறையாப் பண்றவங்க அதை ஒரே படமா எடுக்குறதில்ல. ஒருத்தர் தலையைப் பிடிச்சிருப்பாரு, இன்னொரு தடவை கையைப் பிடிச்சிருப்பாரு. ரெண்டு படத்தையும் கம்ப்யூட்டர்ல ஒட்டி, பிடிச்ச கையை அழிச்சிடுவாங்க. இது தெரியாம ஊருல ஒரே ஷாட்ல முயற்சி பண்றாங்க. கழுத்து நிக்காத பிள்ளை. தாடை நெஞ்சுல முட்டினா மூச்சுக்குழல் மடங்கும், சத்தமே வராது. கூடை, தொட்டில் வலை, கண்ணாடி ஜாடின்னு யாராவது ஆரம்பிச்சா பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க. அம்மா நெஞ்சு மேல படுத்திருக்குற படத்தை விட எந்தக் கூடையும் அழகு இல்ல.

14/ 'அசையாம இருக்கணும்'ங்கிற இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 19-ம் நூற்றாண்டு கேமராவுல இருந்து. அப்ப ஒரு படம் பதிய பல விநாடி ஆகும். பிள்ளை அசைஞ்சா கலங்கிடும். அதனால ஐரோப்பாவுல அம்மா தலையில துணியைப் போர்த்தி நாற்காலி மாதிரி உக்கார வச்சு, மடியில பிள்ளையைப் பிடிச்சுக்கச் சொல்லி எடுத்தாங்க. அந்தப் படங்கள் இன்னைக்கும் இருக்கு. இப்ப உங்க பையில இருக்குற போனே நல்ல வெளிச்சத்துல விநாடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துல எடுத்துடும். பிள்ளை ஓடினாலும் தெளிவா விழும். கேமரா மாறி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் பிள்ளையை அதட்டிக்கிட்டு இருக்கோம்.

15/ நம்ம வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுங்க. சின்னப் பிள்ளையை போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு பயந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் தாண்டி எடுத்தாங்க. பூ ஜடை தெரியணும்னு கண்ணாடிக்கு முன்னாடி நிக்குற அத்தை, பொம்பளைப் பிள்ளை வேஷம் போட்டு முறைக்கிற சித்தப்பா. பாதிப் படத்துல அழுது மூக்கு ஒழுகியிருக்கும். வீட்டுல எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறது அதைத்தான்.

16/ வெளியூர் ஷூட். சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் கோட்டை. நம்ம மாவட்டத்தோட பெருமை, போங்க. ஆனா அதெல்லாம் வெட்டப் பாறை. சித்திரை, வைகாசி பதினோரு மணிக்குக் கீழயும் கொதிக்கும், மேலயும் கொதிக்கும். அதுல ஒரு வயசுப் பிள்ளைக்கு வெல்வெட் ஷெர்வானி, நெட்டு வச்ச கவுன். சின்ன உடம்பு பெரியவங்களை விட வேகமாச் சூடேறும். காலை ஒன்பதுக்குள்ள முடிங்க, இல்ல நாலரைக்கு மேல போங்க. பருத்தித் துணி. 6 மாசத்துக்குக் கீழ தண்ணி வேணாம், அடிக்கடி தாய்ப்பால் போதும். அழுதா கண்ணீர் வரல, மூத்திரம் குறைஞ்சிருக்கு, பிள்ளை துவண்டு கிடக்குன்னா படத்தை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

17/ தண்ணி. 2019 அக்டோபர்ல ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணை. ஒரே குடும்பம், இடுப்பளவு தண்ணியில கைகோத்து நின்னு செல்ஃபி எடுத்தாங்க. 14 வயசுப் பையன் வழுக்கினான். பிடிச்சிருந்தவங்களும் கூடவே போனாங்க. புதுப்பொண்ணு உட்பட நாலு பேர். நம்ம ஊருல திரும்பின பக்கமெல்லாம் கண்மாய், ஊரணி. கேமராவைப் பார்த்து நிக்குற யாரும் பிள்ளையைப் பார்க்கல. அதனால ஒரு பெரியவர் படத்துல நிக்கக் கூடாது, போனையும் தொடக் கூடாது. அவருக்குப் பிள்ளையைப் பார்க்குறது மட்டும்தான் வேலை. மாமாவோ அம்மாயியோ, யாராவது ஒருத்தர்.

18/ அலங்காரச் சாமான். மின்னுற கிரீடம், குட்டி லைட்டு மாலை இதுல எல்லாம் பொத்தான் பேட்டரி இருக்கும். முழுங்கினா உணவுக்குழாய்ல சிக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே வெந்து புண்ணாக்கும். முழுங்கிருச்சோன்னு சந்தேகம் வந்தாலே கிளம்புங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஊதாத பலூன், வெடிச்ச பலூன் துண்டு ரெண்டும் மூச்சை அடைக்கும். கடைக் கண்மையில ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு, கண்ணுக்குள்ள இழுக்காதீங்க. அம்மாயி திருஷ்டிக்கு வைக்கணும்னா உள்ளங்கால்ல ஒரு பொட்டு வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்ல.

19/ "இவ்ளோ பார்த்தா படமே எடுக்க முடியாது சார்". முடியும். என் பட்டியல் இதுதான். தூங்கி எழுந்து, வயிறு நிறைஞ்ச பிறகு ஆரம்பிங்க. பழகின துணி போடுங்க. முதல் பத்து நிமிஷம் கேமராவை எடுக்காம போட்டோகிராஃபர் தம்பி பிள்ளையோட விளையாடட்டும். மொத்தமே நாப்பது நிமிஷம். அழுதா தூக்குங்க. மறுபடி அழுதா வீட்டுக்குப் போங்க. பட்டியல் முடிஞ்சுது.

20/ போட்டோகிராஃபர் தம்பிகளுக்கு. லோன் போட்டு கேமரா வாங்கியிருக்கீங்க, சீசன் ரெண்டு மாசம்தான், ஒரு நாள் போனா நஷ்டம்னு புரியுது. இருந்தாலும் பில்லுல ஒரு வரி சேருங்க: 'குழந்தைக்கு உடல்நலம் இல்லை என்றால் தேதி மாற்றித் தரப்படும்.' உங்க மேல நம்பிக்கை கூடும், ஆர்டரும் கூடும். "ஏதாவது குடுத்துத் தூங்க வச்சிட்டு வாங்க"ன்னு மட்டும் எந்த அம்மாகிட்டயும் சொல்லாதீங்க.

21/ கடைசியா, இந்த இழையில எல்லாத்தையும் விட முக்கியமானது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்துல கண்மணி சிவப்பாத் தெரியுறது இயல்பு. ஒரு கண்ணு சிவப்பு, இன்னொரு கண்ணு வெள்ளையாவோ மஞ்சளாவோ பளிச்சுன்னு தெரிஞ்சா, அது கேமரா கோணத்தாலயும் இருக்கலாம்; கண்புரையா இருக்கலாம்; ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற கண் புற்றுநோயாவும் இருக்கலாம். பெரும்பாலும் 5 வயசுக்குள்ள வர்றது. சீக்கிரம் பிடிச்சா உயிரைக் காப்பாத்தலாம், பல நேரம் கண்ணையும். உலகம் முழுக்க எத்தனையோ பெத்தவங்க இதை முதல்ல கண்டது வீட்டுல எடுத்த படத்துலதான்.

22/ ஆல்பம் போடுறவங்க என்ன பண்றாங்க? கண்ணுல தெரியுற எல்லாத்தையும் கறுப்பாக்கி, 'அழகு' பண்ணிக் குடுக்குறாங்க. பிள்ளையோட உடம்பு குடுத்த ஒரே எச்சரிக்கையும் அதோட போயிடலாம். அதனால திருத்தாத படங்களையும் பென் டிரைவ்ல கேட்டு வாங்குங்க. சந்தேகம் இருந்தா ரெண்டு மூணு படத்தைப் பாருங்க. எதுவா இருந்தாலும் அந்த வாரமே அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தப் படத்தையும் கையோட கொண்டு வாங்க.

23/ பிள்ளை எப்படி இருக்கோ அப்படியே படம் எடுங்க. அழுதா அழுதபடி, ஓடினா ஓடினபடி. சிங்கப்பூர்ல ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுல படுத்து அந்தப் படத்தைப் பார்க்குற அப்பாவுக்கு வேண்டியது அவரோட பிள்ளைதான். இதை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. அடுத்த மாசம் காதுகுத்து வச்சிருக்குற வீட்டுக்கு முதல்ல அனுப்புங்க.