கனம் வேண்டாம், நீளம் போதும்

1981-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்னும் ஊரையொட்டிய காட்டில் 12 பேர் ஒரு புதிய விளையாட்டை ஆடினர். மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாள வண்ணம் இடுவதற்கென்று செய்த துப்பாக்கிகளே அவர்கள் கையில் இருந்தவை. வண்ணம் பட்டவர் ஆட்டமிழப்பார். காட்டில் ஆங்காங்கே வைத்த கொடிகளைச் சேர்த்து வருபவர் வெல்வார். வென்றவர் ஒருமுறைகூடச் சுடவில்லை என்பது வேடிக்கை! பெயிண்ட்பால் விளையாட்டு இப்படித்தான் தொடங்கிற்று.

பின்னர் 'சினாரியோ' என்ற வகை வந்தது. இதில் ஒரு கதை உண்டு. ஆட்டம் சில வேளை ஒரு பகலும் ஓர் இரவும் நீளும். கொடிக்குப் பதிலாகப் பெட்டி, பீப்பாய், இயந்திர உறுப்பு போன்றவற்றைத் தூக்கிச் சென்று குறித்த இடத்தில் சேர்க்கவேண்டும். பொய் வெடிகுண்டையும் சிலர் வைப்பர். வழிப்போக்கர் கண்ணில் பட்டால் என்னாவது? அது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு சுமை எதற்கு, ஒரு சீட்டைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பேன். சீட்டு சட்டைப்பையில் மறைந்துவிடும். பொருளோ தூக்குபவரின் நடையையே மாற்றிவிடும். அதைச் சுட்டு நகர்த்தவும் இயலாது. வண்ண உருண்டையின் நிறை சுமார் 3 கிராம்; வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர். ஆகவே உந்தம் 0.27 கி.கி. மீ/வி. 20 கி.கி. பீப்பாயின் மேல் அது மோதினால், உராய்வே இல்லை என்று கொண்டாலும், பீப்பாய் பெறும் வேகம் வினாடிக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவே. யாராவது மறைவிடத்தை விட்டு வெளியே வந்துதான் தீரவேண்டும்.

அப்படியானால் கனத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. பெருஞ்சுமை தூக்கினால் வியர்க்கும், மூச்சு வாங்கும். முகக்கவசத்தின் கண்ணாடியில் நீராவி படியும். துடைப்பதற்காகக் கவசத்தைத் தூக்கக் கை பரபரக்கும். உருண்டையின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 12 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் இது. தோளில் பட்டால் கன்றிப்போகும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும்.

கனத்தைக் கூட்டாமல் கடினத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. 6 கி.கி. நிறையும் 30 செ.மீ. பக்கமும் உள்ள கனசதுரப் பெட்டியை ஒருவரே இடுக்கிக்கொண்டு ஓடிவிடுவார். அதே நிறையில் 3 மீட்டர் நீளமுள்ள மரக்கழியைக் கொடுங்கள். நடுப்புள்ளியைப் பற்றிச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன் 4.5 கி.கி. மீ², பெட்டிக்கோ 0.09 தான். 50 மடங்கு! கழியைச் சுழலச் செய்வதும் கடினம், சுழலும் கழியை நிறுத்துவதும் கடினம். மரங்களுக்கிடையே தனியொருவர் அதனோடு திரும்பத் திண்டாடுவார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் ஆளுக்கு 3 கி.கி. தான், வளைந்து வளைந்து போய்விடலாம்.

முனைகளுக்குப் பஞ்சுறை கட்டி, கழிக்கு மஞ்சள் வண்ணம் பூசிவிட்டால் போதும். இருவரில் ஒருவர் சுடப்பட்டால் மற்றவர் ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாம். பாதி எடையைத் தரை தாங்கிக்கொள்ளும். ஆனால் மறுமுனை ஒவ்வொரு வேரிலும் சிக்கும், அவர் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.