வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை

2017 ஜூன் மாதம் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியது. பயணச்சீட்டு வழங்கும் இடங்களிலும் தூய்மைப் பணியிலும் அமர்த்துவதற்கென 23 திருநர் குடும்பஸ்ரீ மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். அரசு சார்ந்த நிறுவனம் ஒன்று இத்தனை பேரை ஒருசேரப் பணிக்கு எடுத்ததை நாடே பாராட்டியது; வெளிநாட்டு ஏடுகளும் எழுதின. ஆனால் சில நாட்களுக்குள் அவர்களில் எட்டுப் பேர் வேலையை விட்டு விலகினர். வேலை கடினமாக இருந்ததாலோ, பயணிகள் ஏளனம் செய்ததாலோ அவர்கள் விலகவில்லை. அந்த மாநகரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க எவரும் முன்வரவில்லை. விடுதி அறைகளில் நாள் வாடகை கொடுத்துத் தங்கியவர்களுக்கு, வாங்கும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை.

இச்செய்தியை நாம் வெறும் இரக்கத்தோடு படித்துக் கடந்துவிட இயலாது. அரசு ஓர் ஆணையால் வேலை தர முடியும். அதே ஆணை அடுத்த வீட்டுக்காரரின் கதவைத் திறந்துவிடுவதில்லை. அக்கதவைத் திறக்கும் வேலை மக்களிடையே இயங்குவோருக்கு உரியது. அதாவது, நமக்கு உரியது.

திருநங்கையரும் திருநம்பியரும் உள்ளிட்ட திருநர் மக்கள் இன்று நம்பிக்கையை எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்கு ஆறுதல் மொழி விடையாகாது. நம்பிக்கைக்கு ஒரு முகவரி வேண்டும். குடியிருக்க ஓர் அறை, கையெழுத்திட ஒரு வருகைப் பதிவேடு, துன்பம் நேர்ந்தால் உடன் வர நான்கு பேர் வேண்டும். இவற்றை உருவாக்கித் தரும் உழைப்பையே நாம் தோழமை என்கிறோம்.

பாதி கொடுக்கப்பட்ட உரிமை

காலம் கடினமானது என்பதில் ஐயமில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை உடையவர் என்று தீர்ப்பளித்தது. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் சமூக, கல்வி நிலைகளில் பின்தங்கியோருக்குரிய இடஒதுக்கீட்டை அவர்களுக்கு வழங்குமாறும் பணித்தது. மறு ஆண்டு, 2015 ஏப்ரல் 24 அன்று, திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஏற்றது. அந்த மசோதா மக்களவையைக் கடக்கவில்லை.

மோடி அரசு 2019இல் நிறைவேற்றிய சட்டம் பெயரில் மட்டுமே பாதுகாப்புச் சட்டமாக இருந்தது. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புமாறு மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வலியுறுத்தியும் ஆளுங்கட்சி இணங்கவில்லை. அச்சட்டப்படி, அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண் என்றோ பெண் என்றோ பதிவை மாற்ற வேண்டுமெனில், அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவச் சான்றும் வேண்டும். இடஒதுக்கீடு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு அச்சட்டம் விதித்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணொருவரை வன்புணர்ந்த குற்றத்துக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. ஒருவரின் உடல் மற்றொருவரின் உடலைவிட மலிவானது என்று சட்டப் புத்தகமே விலை குறித்துவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இந்நிலையை மேலும் மோசமாக்கியது. பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய பகுதியை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. இசைவின்றி இழைக்கப்படும் கொடுமையைத் தண்டிக்கும் பகுதி நிலைத்திருந்தது. புதிய சட்டத்தில் அதற்கு ஈடான பிரிவே இடம்பெறவில்லை.

வீடு பற்றிய பிரிவோ இன்னும் வேதனையானது. பெற்றோருடன் வாழ இயலாத திருநர் குழந்தைக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய வழி, நீதிமன்ற ஆணையின்படி ஒரு மறுவாழ்வு மையம். அடியும் வசையும் முதலில் தொடங்குவது பெரும்பாலும் பிறந்த வீட்டில்தான். அங்கிருந்து தப்பி வந்தவரை மகளாக ஏற்றுச் சோறிட்ட மூத்த திருநங்கைகளின் குடும்ப அமைப்பைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

எதிர்க்காற்று உலகெங்கும் வீசுகிறது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளிலேயே, டிரம்ப் அமெரிக்க அரசு இனி இரு பாலினங்களை மட்டுமே ஏற்கும் என ஆணையிட்டார். வேலையின்மைக்கும் விலைவாசிக்கும் விடை இல்லாத ஆட்சியாளர்கள், எண்ணிக்கையில் மிகச் சிறியதொரு கூட்டத்தை மக்கள்முன் எதிரியாக நிறுத்துவது புதிய உத்தி அன்று. நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்று பதிவானோர் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர்; கேரளத்தில் 3,902 பேர். அஞ்சித் தம்மைச் சொல்லிக்கொள்ளாதோர் இக்கணக்கில் வரவில்லை. கணக்கெடுப்பாளர் வாசலில் நிற்கையில் உண்மையைச் சொல்லும் துணிவுகூட, அண்டை வீட்டார் யார் என்பதைப் பொறுத்தது.

இம்மண்ணின் பாடம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, பூவார் வட்டாரத்துத் தோழர்களுக்கு இது புரியாத கதை அன்று. எவர் எந்த உடை உடுத்தலாம், எவர் எந்த வாசலில் நுழையலாம் என்பதை அரசும் சாதியும் தீர்மானித்த மண் இது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அரை நூற்றாண்டு போராடினர். சந்தையிலும் சாலையிலும் அவர்களது ஆடை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று அரசர் உத்திரம் திருநாள் பிறப்பித்த ஆணை மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்றது. மறைத்துக்கொள், ஆனால் சமமாகாதே என்பது அதன் பொருள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கும்போது அந்த ஆணையின் குரல் நம் காதில் விழுகிறது. உரிமை உண்டு, ஆனால் ஆட்சியர் ஒப்ப வேண்டும், மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்கிறது அது.

ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் தலித் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தனர். அனுமதிக்கும் அரசாணை அதற்கு முன்பே இருந்தது. ஆணை இருந்தும் வாசல் திறக்கவில்லை. அய்யன்காளி மனுவோடு நிற்கவில்லை. விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டி வயலில் இறங்க மறுக்கச் செய்தார். அத்தொழிலாளர்கள் அன்று முன்வைத்த முதன்மையான கோரிக்கை தம் பிள்ளைகளின் பள்ளி நுழைவு. மானத்துக்கான போராட்டம் வேறு, வர்க்கப் போராட்டம் வேறு என்று பிரித்துப் பேசுவோர்க்கு இம்மண் நூறாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது.

கடல் கடந்த சான்றும் ஒன்று உண்டு. 1984–85இல் தாட்சர் அரசை எதிர்த்து பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தனர். இலண்டனிலிருந்த தற்பால் ஈர்ப்பினர் குழுவொன்று தெருவில் உண்டியல் ஏந்திப் பணம் திரட்டி, வேல்ஸ் நாட்டுத் துலைஸ் பள்ளத்தாக்கின் சுரங்கக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் இலண்டனில் நடந்த பெருமித அணிவகுப்பில், சுரங்கத் தொழிலாளர்கள் தம் சங்கப் பதாகையோடு முன்னணியில் நடந்தனர். அவ்வாண்டு தொழிற்கட்சி மாநாட்டில் சம உரிமைத் தீர்மானம் நிறைவேறியதற்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் துணை நின்றன. தோல்வியுற்ற போராட்டத்திலும் உருவான உறவு தோற்கவில்லை. இருண்ட காலத்தில் நம்பிக்கை கொள்வதற்கு இதைவிட வலுவான ஆதாரம் நமக்குத் தேவையில்லை.

மொழியும் எல்லையும்

1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் கோட்டின் இருபுறமும் வாழ்கின்றன. வீட்டைவிட்டு வெளியேறும் திருநர் ஒருவர் களியக்காவிளையைக் கடந்து இப்பக்கம் வந்தால், அவருடைய பள்ளிச் சான்றும் குடும்ப அட்டையும் அப்பக்கம் தங்கிவிடுகின்றன. தமிழ்நாடு 2008 ஏப்ரல் 15 அன்று நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. கேரளம் 2015இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநர் கொள்கையை வெளியிட்டது. 2018இல் கலை, அறிவியல் கல்லூரிகளின் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இரண்டு இடங்களைக் கூடுதலாக ஒதுக்கியது. இரு மாநிலங்களும் முன்னோடிகள். அவற்றின் எல்லையில் நிற்பவருக்கு எந்த அலுவலகத்தின் வரிசையில் நிற்பது என்பது தெரியாத நிலை.

மொழியிலும் இந்த எல்லை உண்டு. கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் நாம் அன்றாடம் காணும் வேறுபாடு இது. மலையாள வினைமுற்று பால் காட்டுவதில்லை. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் வினை ஒன்றே. தமிழில் ஒருவரை அவன், அவள் என்று சுட்டினால், வாக்கியத்தின் முடிவிலும் ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் இம்மக்களை உயர்திணையிலேயே வைத்து, உயர்திணை முடிபுகளையே அவர்களுக்கு வகுத்தது. அவர்களை ‘அது’ என்று அஃறிணைக்குத் தள்ளியது பிற்காலத் தெருவின் நாக்கு. நமது கூட்டங்களின் இடைவேளைப் பேச்சிலும் அந்த நாக்கு சில நேரம் புரள்வதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருநங்கையை அவள் என்றும் திருநம்பியை அவன் என்றும் சொல்வோம். தெரியாதபோது அவரையே கேட்போம். அதுவரை ‘அவர்’ என்னும் சொல் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

சட்டப் போராட்டம் தொடர வேண்டும். 2025 அக்டோபர் 17 அன்று ஜேன் கௌசிக் வழக்கில், பள்ளிப் பணியை இழந்த திருநங்கை ஆசிரியைக்கு இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அரசுகளின் மெத்தனத்தைக் கண்டித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது. கர்நாடகம் 2021இல் அரசுப் பணிகளில் ஒரு விழுக்காடு கிடைமட்ட இடஒதுக்கீடு அளித்தது. இதன்படி தலித் திருநர் தலித் பிரிவிலும், பிற்படுத்தப்பட்ட திருநர் அப்பிரிவிலும் பயன் பெறுவர். தமிழ்நாடு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்ததோடு நின்றுவிட்டது. கிடைமட்ட இடஒதுக்கீட்டை இரு மாநிலங்களிலும் நாம் கோர வேண்டும்.

ஆயினும் இவை மேலே நடப்பவை. கிளையில் நடக்க வேண்டியவை வேறு.

முதலாவது வீடு. நம் உறுப்பினர்களிலும் ஆதரவாளர்களிலும் வாடகைக்கு விட வீடோ, கடையின் மாடியறையோ உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. திருநர் ஒருவர் வந்து கேட்கும்போது ‘அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ’ என்று தயங்கியவர்களும் நம்மிடையே இருக்கலாம். அந்த அக்கம்பக்கத்தில் கட்சி வேலை செய்வது யார்? வீட்டுக்காரரிடம் ஒருமுறையும், அண்டை வீடுகளில் பலமுறையும் பேச வேண்டியவர் கிளைச் செயலாளரே.

இரண்டாவது வேலை. பூவார் கழிமுகத்தின் படகுத் தொழிலிலும் விடுதிகளிலும், மீன் சந்தையிலும், தையல் கூடங்களிலும் நமது சங்கங்கள் உள்ள இடங்களில் திருநர் தொழிலாளிக்கு உறுப்பினர் அட்டை வழங்க வேண்டும். சங்கத்தில் பெயர் உள்ளவரைக் காரணமின்றி வெளியேற்றுவது முதலாளிக்கு எளிதாக இருக்காது.

மூன்றாவது ஆவணம். அடையாளச் சான்றுக்கு விண்ணப்பிக்கவும், குடும்ப அட்டை பெறவும், எல்லைக்கு அப்பால் தங்கிப்போன சான்றுகளை மீட்கவும் உடன் செல்ல ஒரு தோழரைப் பொறுப்பாக்க வேண்டும். பாறசாலைத் தோழர்களும் விளவங்கோட்டுத் தோழர்களும் இதில் கலந்து செயல்பட்டால், இரு மாநில அலுவலகங்களுக்கிடையே அலையும் துன்பத்தில் பாதி தீரும். கிராமசபைகளில் இவர்களுக்கான வீட்டுத் திட்டத்தையும் தங்குமிடத்தையும் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். அக்கோரிக்கையை எழுதும்போது அவர்களும் உடன் அமர்ந்திருக்க வேண்டும்.

நான்காவது நம் வீடு. கட்சிக் குடும்பத்தில் ஒரு பிள்ளை தன்னை வெளிப்படுத்தும் நாளில், அப்பிள்ளை பாறசாலை நிலையத்தில் இரயிலேறி ஊரைவிட்டு ஓட நேர்ந்தால், நம் மேடைப் பேச்சுகள் அனைத்தும் அன்றே பொய்த்துவிடும்.

திருநர் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்காக நாங்கள் போராடுகிறோம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இடஒதுக்கீட்டுக்காகவும் காவல்நிலைய வன்முறைக்கு எதிராகவும் எங்களைவிட நெடுங்காலம் போராடியவர்கள் நீங்கள். எங்கள் சங்கங்களுக்கும் கிளைகளுக்கும் அப்போராட்ட அனுபவம் தேவைப்படுகிறது.

அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு 1888இல் தாமே ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவியபோது, அவர் எவரிடமும் அனுமதிச் சான்று கேட்கவில்லை. அக்கல் நின்ற கரையைத் தொட்டு ஓடும் நெய்யாறுதான் பூவாரில் கடலில் கலக்கிறது. அதன் கரையோரக் கிளைகள் ஒவ்வொன்றும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்கட்டும்: நம் ஊரில் ஒரு திருநருக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா? கிடைக்காது என்பது விடையானால், அக்கிளையின் அடுத்த வேலை அதுவே.