மூலைப் பூனைக்கு யார் வீடு கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. பிராணிகள் காப்பகம் ஒன்றுக்கு ஒரு குடும்பம் வருகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒரு பூனை வளர்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் வெகுநாள் ஆசை.

பூனைகள் இருக்கும் அறைக்குள் அவர்கள் நுழைகிறார்கள். உடனே நாலைந்து பூனைகள் ஓடி வருகின்றன. ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு காலை உரசுகிறது. இன்னொன்று தாவி மடியில் ஏறுகிறது. பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அறையின் மூலையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கண்கள். வேறொன்றும் தெரியவில்லை.

"அப்பா, அது ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது?" என்று சிறுமி கேட்கிறாள்.

"அது முரட்டுப் பூனை போலிருக்கிறதம்மா. அது வேண்டாம். இதைப் பார், எவ்வளவு சமத்து!" என்கிறார் அப்பா.

ஐந்தே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. காலை உரசிய பூனை கூடையில் ஏறிப் புது வீட்டுக்குப் போகிறது. பெட்டிக்குள் இருந்த பூனை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போன ஞாயிறும் அப்படித்தான். வருகிற ஞாயிறும் அப்படித்தான்.

பூனைகளை வைத்துக் காக்கும் காப்பகம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே காணக்கூடிய காட்சி இது. ஓடி வரும் பூனைக்கு வீடு கிடைக்கிறது. ஒளியும் பூனைக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் வீடு மிகவும் தேவைப்படுவது யாருக்கு? ஒளிகிற பூனைக்குத்தான்!

முரடா, பயமா?

ஒளியும் பூனை முரட்டுப் பூனை அல்ல. அது பயந்த பூனை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

பூனை எலியைப் பிடிக்கும். நாய் பூனையைத் துரத்தும். வேட்டையாடும் பிராணியும் அதுதான். வேட்டையாடப்படும் பிராணியும் அதுதான். ஆகவே புரியாத இடத்தில், புரியாத சத்தத்தின் நடுவே அகப்பட்டால் அது முதலில் செய்வது ஒளிந்துகொள்வதுதான். அது கெட்ட குணம் அல்ல. உயிர் காக்கும் புத்தி.

இன்னொரு காரணமும் உண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய ஏழாவது வாரம் வரை பூனைக்குட்டியின் மனம் மிகவும் இளகி இருக்கும். அந்த நாட்களில் மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. அப்போது மனிதரையே பார்க்காத குட்டி, பிறகு மனிதரை நம்ப நெடுநாள் பிடிக்கும். அது அந்தக் குட்டியின் குற்றமா?

வீட்டில் செல்லமாக வளர்ந்த பூனையும் காப்பகத்தில் ஒடுங்கிவிடுவது உண்டு. வளர்த்த பாட்டி இறந்துபோகிறார். வீட்டை மாற்றும் குடும்பம், "அங்கே பூனைக்கு இடமில்லை" என்கிறது. சிலர் சாக்குப்பையில் கட்டி எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நேற்றுவரை திண்ணையில் படுத்திருந்த பூனை, இன்று அறியாத நாய்களின் குரைப்பைக் கேட்டு நடுங்குகிறது. பேசத் தெரிந்த மனிதனாக இருந்தால் அழுவான். பூனை பெட்டிக்குள் புகுந்துகொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வளர்த்த பிராணியைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இப்படிச் சொல்கிறது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே ராஜ்யசபையில் தனி மசோதா கொண்டுவந்து பிராணிகளுக்காக வாதாடியவர், சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1959-ல் சென்னையில் 'புளூ கிராஸ்' இயக்கத்தைத் தொடங்கியவர் விமானி கேப்டன் சுந்தரம். வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

ஆனால் சட்டத்தால் ஒரு பூனைக்கு மடி கொடுக்க முடியாது. காப்பகத்தாலும் ஓரளவுக்குத்தான் முடியும். காப்பகம் என்பது சத்திரம் மாதிரி. வந்தவர் தங்கலாம், அதுவே வீடு ஆகாது. அங்கே இடமும் கொஞ்சம், ஆட்களும் கொஞ்சம். ஒரு பூனை வீடு போய்ச் சேர்ந்தால்தான் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் இன்னொரு பூனைக்கு இடம் கிடைக்கும். மூலைப் பூனைக்கு வீடு கொடுப்பவர் ஒரு பூனையை மட்டும் காப்பாற்றுவதில்லை. இரண்டு பூனைகளைக் காப்பாற்றுகிறார்.

அட்டைப் பெட்டியின் மகிமை

பயந்த பூனையை எப்படிப் பழக்குவது? விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஹாலந்து நாட்டுக் காப்பகம் ஒன்றில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2014-ல் வெளிவந்தது. புதிதாக வந்த 19 பூனைகளை எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். மற்ற ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளின் கலக்கம் முதல் சில நாட்களிலேயே நன்றாகக் குறைந்துவிட்டது! "வெளியே வா" என்று இழுப்பதைவிட, "உள்ளேயே இரு" என்று விடுவதுதான் பூனைக்குத் தைரியம் கொடுக்கிறது. செலவோ ஒன்றும் இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய அட்டைப் பெட்டி போதும்.

'பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?' என்பது பழமொழி. உலகம் இருண்டுவிடாது. ஆனால் மனிதன் கண்ணை மெல்ல மூடித் திறந்தால் பூனையின் உலகம் கொஞ்சம் வெளிச்சமாகிறது! இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2020-ல் எழுதினார்கள். முறைத்துப் பார்க்காமல், கண்களைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தவர்களிடம் பூனைகள் அதிகமாக நெருங்கி வந்தன. முறைத்துப் பார்ப்பது பூனையின் பாஷையில் சண்டைக்கு அழைப்பது. மெல்லக் கண் மூடுவதோ, "உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்று சொல்வது போன்றது.

பூனைக்குப் பாசம் கிடையாது, அது வீட்டைத்தான் நேசிக்கும், வீட்டாரை நேசிக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆரெகான் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை மறுக்கிறது. புதிய அறையில் குட்டிகளை இரண்டு நிமிடம் தனியே விட்டு, பிறகு வளர்ப்பவரை உள்ளே அனுப்பினார்கள். நூற்றுக்கு 64 குட்டிகள் அவரைக் கண்டதும் கலக்கம் தெளிந்தன. தாயைக் கண்ட குழந்தை போல!

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பகக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. புது வீட்டுக்கு வந்த பிராணிக்குப் பயம் தணிய மூன்று நாள். வீட்டின் பழக்கம் புரிய மூன்று வாரம். "இது என் வீடு" என்று நினைக்க மூன்று மாதம். பயந்த பூனைக்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஆகலாம்.

முதல் சில நாள் அதற்கு ஒரே ஓர் அறை போதும். அறையில் ஒரு பெட்டி, ஒரு மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு. மணல் தட்டையும் சாப்பாட்டையும் எட்ட எட்ட வைக்க வேண்டும். ஜன்னல்களுக்கு வலை இருக்க வேண்டும். மிரண்ட பூனை மாடியிலிருந்தும் குதித்துவிடும்.

பெட்டிக்குள் கையை விட்டு இழுக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் தினமும் கொஞ்ச நேரம் அதே அறையில் தரையில் உட்காரலாம். பேப்பர் படிக்கலாம், காய் நறுக்கலாம். பூனையைப் பார்க்காமலே இருக்கலாம். ஒரு நாள் அதுவே வந்து முகர்ந்து பார்க்கும்.

பெயர் ஒன்றே இருக்க வேண்டும். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2019-ல் காட்டியிருக்கிறார்கள். தெரிந்தும் சில சமயம் வராமல் இருக்கும். அது பூனையின் சுபாவம்!

பாலும் சோறும் மட்டும் போட்டால் பூனைக்குப் போதாது. அதற்கு மீனோ இறைச்சியோ, அவற்றாலான தீனியோ அவசியம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாது, வயிற்றுப்போக்கு வரும். ஒரு நாள் முழுவதும் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் கால்நடை டாக்டரைப் பார்க்க வேண்டும். மனிதருக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். மறந்தும் கொடுக்கக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் கட்டாயம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லா வீடும் ஏற்ற வீடு அல்ல. ஓயாத சத்தமும் நடமாட்டமும் உள்ள வீட்டில் பயந்த பூனை மேலும் பயப்படும். பூனையை விடாமல் துரத்திப் பிடிக்கும் வயதில் குழந்தைகள் இருந்தால் கொஞ்ச காலம் பொறுக்கலாம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட பிறகு தனித்திருக்கும் வயதான தம்பதிகள், பள்ளிக்கூட ஆசிரியைகள், அமைதியான சிறு குடும்பங்கள்: இவர்கள் வீடுதான் மூலைப் பூனைக்குச் சொர்க்கம்.

பிரதமர் வீட்டுப் பூனை

லண்டனில் பாட்டர்சீ என்ற இடத்தில் ஒரு பழைய காப்பகம் இருக்கிறது. 1860-ல் தெரு நாய்களுக்காகத் தொடங்கியது. 1883 முதல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டது. அங்கே இருந்த லாரி என்ற தெருப்பூனை 2011-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வீட்டுக்குப் போனது. எந்த வீடு தெரியுமா? பத்தாம் எண், டவுனிங் தெரு. பிரிட்டிஷ் பிரதமரின் வீடு!

லாரிக்கு ஆண்களைக் கண்டால் கொஞ்சம் பயம் என்று அப்போது பிரதமராக இருந்த டேவிட் காமரூன் ஒரு சமயம் சொன்னார். முன்பு எங்கோ பட்ட கஷ்டம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் கருதினார். அந்தப் பயத்துக்காக யாரும் அதை வெளியேற்றவில்லை. 'தலைமை எலிபிடிப்பாளர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். 2024-ல் ஆறாவது பிரதமர் வந்தபோதும் லாரி அந்த வீட்டிலேயே இருந்தது.

பொறுமை ஒரு பாடம்

பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கே விளையாடலாம். மூலைப் பூனையிடம் அது நடக்காது. காத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். மெல்ல நடக்க வேண்டும். மற்றோர் உயிருக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதை ஒரு பிள்ளை புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் ஏது? வகுப்பில் பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடமும் அந்தப் பிள்ளை நாளைக்கு அன்பாக நடந்துகொள்ளும்.

பூனை குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூலைப் பூனை யார் குறுக்கேயும் வருவதில்லை. ஒரு பக்கமாக ஒடுங்கிக் காத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு காப்பகத்துக்குப் போகும் குடும்பங்கள், ஓடி வரும் பூனையைத் தடவிக் கொடுக்கட்டும். அதற்கு எப்படியும் ஒரு வீடு கிடைத்துவிடும். பிறகு மூலையில் உள்ள பெட்டியின் முன்னால் தரையில் பத்து நிமிடம் உட்காரட்டும். கையை நீட்ட வேண்டாம். கண்ணை மட்டும் மெல்ல மூடித் திறக்கட்டும்.

உள்ளேயிருக்கும் இரண்டு கண்களும் மெல்ல மூடித் திறந்தால், கூடையைக் கொண்டுவரச் சொல்லலாம்.