ஆடி மாதத்துக்கும் வாடகை உண்டு

"தஞ்சாவூரில் ஓர் அழகு நிலையம் ஆரம்பிக்க உத்தேசம். எவ்வளவு முதல் வேண்டும்?" என்று கேட்கும் சகோதரிகள் கூடவே ஒரு ஜாபிதாவும் தயாராக வைத்திருக்கிறார்கள். சுழல் நாற்காலி இரண்டு, நிலைக்கண்ணாடி இரண்டு, ஃபேஷியல் கட்டில் ஒன்று, ஸ்டீமர், ஷாம்பூ பேசின், முதல் சரக்காகக் க்ரீம், சாயம் வகையறா. கூட்டினால் 1,30,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஜாபிதாவில் பிசகில்லை. ஆனால் அதில் உள்ளதெல்லாம் ஒரு தடவை வாங்கி முடிந்து போகிற சாமான்கள். மாதா மாதம் கதவைத் தட்டுகிற செலவு ஒன்றுகூட அதில் இல்லையே!

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தெருவுக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளுங்கள். வாடகை 10,000. பத்து மாத அட்வான்ஸ் என்றால் அங்கேயே ஒரு லட்சம் போயிற்று. தரை, விளக்கு, தண்ணீர்க் குழாய், தடுப்பு, பெயர்ப் பலகை என்று இன்னொரு லட்சம். ஜாபிதாவின் 1,30,000-ஐயும் சேர்த்தால் 3,30,000 ரூபாய் ஆகிறது. இவ்வளவும் கடை திறப்பதற்கு முன்னாலேயே!

திறந்த பிறகு? உதவிக்கு ஒரு பெண், சம்பளம் 12,000. மின்சாரம், டெலிபோன் 3,000. இரண்டு லட்சம் கடனை 12 சதவிகித வட்டியில் மூன்று வருஷத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 6,650. வாடகையும் சேர, மாதம் 31,650 ரூபாய். இதில் உங்கள் சம்பளம் இல்லை. பெண்கள் போடும் கணக்கில் எப்போதும் விட்டுப் போகிற இனம் இதுதான். காலை முதல் இரவு வரை நின்று உழைப்பவருக்கு 15,000 ஆவது எழுத வேண்டாமா? எழுதினால் 46,650.

ஒருவர் சராசரியாக 250 ரூபாய் தருகிறார், அதில் 50 ரூபாய் சரக்குக்குப் போகிறது என்றால் மிச்சம் 200. மாதம் 26 நாள் கடை திறந்தால், தினம் ஒன்பது பேர் வந்தாக வேண்டும். புருவம் திருத்திக்கொண்டு ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகமானால் ஒன்பது போதாது. நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் இனாமாகச் செய்கிற ஃபேஷியலைத் தயவு செய்து இந்த ஒன்பதில் சேர்க்காதீர்கள்!

தினம் ஒன்பது பேர் வருவார்களா என்பதற்குப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை. அதற்கு மேல் காவேரியின் பஞ்சாங்கம் வேறு இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் ஆனி, ஆடியில் குறுவை நடவு. பணம் வயலுக்குப் போகிற காலம். சம்பா அறுவடையாகித் தை, மாசியில்தான் அது வீட்டுக்குத் திரும்புகிறது. கீழவாசல் பாத்திரக் கடைக்காரர் வீட்டு அம்மாளுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். அவர் கடை வியாபாரமும் நெல் விற்ற பணத்தில்தானே நடக்கிறது? தண்ணீர் தாமதமான வருஷத்தில் உங்கள் நாற்காலியும் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரருக்கோ ஆடியும் ஒன்றுதான், தையும் ஒன்றுதான். ஆகையால் மூன்று மாதச் செலவு, 31,650 வீதம் சுமார் 95,000 ரூபாயைத் தொடாமல் பாங்கியில் போட்டு வையுங்கள். ஆக மொத்தம் 4,25,000. பயந்து விட்டீர்களா? இதற்காகக் கை வளையலைக் கழற்றி அடகு வைப்பதை விட, முதலில் அலங்காரச் செலவைப் பாதியாக்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வாசல் அறை ஒன்று சும்மா கிடக்கிறதென்றால் இன்னும் நல்லது. ஷானாஸ் உசேன் 1970-களின் தொடக்கத்தில் டில்லியில் தம் வீட்டிலேதான் ஆரம்பித்தார். தந்தையிடம் வாங்கிய 35,000 ரூபாய்தான் முதல் என்று சொல்வார்கள். அற்பத் தொகை என்று நினைக்காதீர்கள். பத்துக் கிராம் தங்கம் ஏறக்குறைய 200 ரூபாய் விற்ற காலம் அது. இருநூறு பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம்! ஆனால் வாடகையும் அட்வான்ஸும் இல்லை. நம் கணக்கிலும் வாடகையை எடுத்துவிட்டால் ஒன்பது பேர் சுமார் ஏழு பேராகிறார்கள். வீட்டு மின் இணைப்பிலேயே தொழில் நடத்தலாமா என்று மின்வாரியத்திலும், லைசென்ஸ் விஷயத்தை மாநகராட்சியிலும் முன்னதாகக் கேட்டு விடுங்கள்.

கடனுக்கு, 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் ஈடு கேட்பதில்லை. 50,000 வரை 'சிசு', அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 'கிஷோர்'. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் க்ரீமுக்கும் நாற்காலிக்கும் நீங்கள் கொடுக்கும் வரி திரும்பி வராது. அதையும் அடக்கவிலையில் சேருங்கள்.

மணப்பெண் அலங்காரத்தில்தான் காசு என்பார்கள். வாஸ்தவம். தலைசாமான் வைத்துப் பூ தைத்த ஜடைக்கு நம் ஊரில் என்றுமே மதிப்புண்டு. ஆனால் ஒரத்தநாட்டில் விடிகாலை நாலரைக்கு முகூர்த்தமென்றால் நடுநிசிக்கே இங்கிருந்து கிளம்ப வேண்டும். போக வரக் கார் வாடகை, கூட வரும் பெண்ணுக்கு இரவுப்படி, மறுநாள் கடை தாமதமாகத் திறப்பதால் வரும் நஷ்டம் மூன்றையும் சேர்த்தே தொகை சொல்லுங்கள். பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு தேதியைக் குறியுங்கள்.

இடம் பார்க்க இப்போதே கிளம்பலாம். திறப்பு விழாவை மட்டும் தையில் வைத்துக் கொள்ளுங்கள். ஆனி வரை ஆறு மாதம் கிடைக்கும். நாலு தெருவில் உங்கள் பெயர் பரவ அவகாசம் இருக்கும். ஆனியில் திறந்தாலோ, அடுத்த மாதமே ஆடி.