செத்தல் மிளகாயும் பைலாவும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் இளந்தலைமுறையினர், மெக்சிக்கோ நாட்டு உணவையும் பாட்டையும் படங்களையும் விரும்பிச் சுவைக்கின்றனர். ரொறன்ரோவில் வாழும் தமிழ் மாணவன் ‘டாக்கோ’ உண்பதும், மெக்சிக்கோவின் இறந்தோர் நாளைக் கருவாகக் கொண்டு 2017இல் வெளிவந்த ‘கோகோ’ என்னும் படத்தைக் கண்டு கண்கலங்குவதும் இன்று வியப்புக்குரிய செய்திகளல்ல. இது கண்டு மூத்தோர் சிலர் வருந்துகின்றனர். அந்நியப் பண்பாடு நம் பிள்ளைகளை விழுங்குகின்றது என்பது அவர்தம் முறையீடு.

அந்நியம் என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம் குழம்புக்கு நிறமும் காரமும் தரும் செத்தல் மிளகாய் எந்நாட்டுப் பொருள்? மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பேணிப் பண்படுத்திய செடி அது. நம் முன்னோர் மிளகும் திப்பிலியும் இஞ்சியும் கொண்டே காரம் கண்டனர். போர்த்துக்கேயர் கப்பல்களில் புதிய காய் வந்திறங்கியபோது தமிழர் அதற்குப் பெயரை இரவல் வாங்கவில்லை. மிளகுபோற் காரமுடைய காய் என்று கண்டு ‘மிளகாய்’ என்றனர். ஈழத்தில் வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்ற பெயரோ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. தக்காளியும் பப்பாசியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்களே. பிள்ளை டாக்கோவைத் தின்கிறான் என்று வருந்தும் தாய், அவ்வருத்தத்தை மிளகாய் அரைத்துக்கொண்டே சொல்கின்றாள் அன்றோ!

போக்குவரவு ஒரு திசையில் மட்டும் நிகழவில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றிற் சென்ற பிலிப்பீன் தீவினர் மெக்சிக்கோவின் மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்கக் கற்பித்தனர். கொலிமாப் பகுதியில் இன்றும் ‘தூபா’ என்ற பெயரால் அது விற்கப்படுகின்றது. புளியும் மாம்பழமும் அங்கே வேரூன்றின. மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்னும் வழக்கம் இரு கரைகளிலும் உண்டு.

ஆயினும் பொருளைப் பெற்றவர் அறிவையும் உடன் பெற்றனர் என்று கொள்ளுதல் தவறு. மெக்சிக்கோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்துப் பின்னரே அம்மி போன்ற கல்லில் அரைப்பர். அச்சுண்ணாம்பினால் தானியத்தினுள் அடங்கிக் கிடக்கும் உயிர்ச்சத்தொன்று உடலிற் சேரும் நிலையை அடைகின்றது. இம்முறையை அறியாது சோளத்தை மட்டும் கொண்டுசென்ற வட இத்தாலியின் ஏழை உழவர், அதனையே நம்பி வாழ்ந்து, 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளிற் பெலாக்ரா என்னும் நோய்க்கு இரையாயினர். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிக்கோவின் மரபுச் சமையலை மானிடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றபோது, தனியொரு பண்டத்தையன்றி, வயல் முதல் அடுப்பு வரையுள்ள இவ்வறிவு முழுவதையுமே கருத்திற் கொண்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நாம் சோளத்தை வெறுமனே அவித்துத் தின்றே மகிழ்கின்றோம்.

பாட்டின் கதை இன்னும் அணித்தானது. மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் துறைமுகத்தில் ஸ்பானியரும் ஆபிரிக்கரும் பழங்குடியினரும் கலந்த கலப்பிற் பிறந்தது ‘லா பம்பா’ என்னும் ஆடற்பாட்டு. 1958இல் ரிச்சி வாலன்ஸ் என்ற இளைஞர் அதனைப் புதிய தாளத்திற் பாட, அஃது உலகெங்கும் பரவியது. அத்தகைய துறைமுகக் கலப்பு திருகோணமலைக்கும் உரியது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயரின் செயலை எவரும் மறத்தற்கில்லை. எனினும் அவர்வழி வந்த பறங்கியர் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தமிழரின் அயலவராக வாழ்கின்றனர்; கிரியோல் போர்த்துக்கேய மொழியொன்று அவர்க்கு உண்டு. திருமண வீடுகளில் வயலின் ஒலிக்க அவர்கள் ஆடும் ‘கஃபரிஞ்ஞா’ இசையும், இலங்கை வாழ் ஆபிரிக்க வழியினரின் பாட்டும் சேர்ந்தே பைலா உருவாயிற்று. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லே அப்பெயருக்கு மூலம். அத்தாளத்திலேதான் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தது.

இங்கேதான் நம் கவலை பிழையான திசையை நோக்குகின்றது என்பேன். கடல் கடந்த பிள்ளை மெக்சிக்கோப் பாட்டைக் கேட்பதால் தமிழுக்கு நேரும் நட்டம் பெரிதன்று. நம் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மொழி ஓய்ந்து வருகின்றது. பறங்கியர் வீட்டுச் சிறுவர் பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர். அம்மொழியையும் பாடல்களையும் பதிவுசெய்யும் முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் லிஸ்பன் பல்கலைக்கழக அறிஞர் ஹூகோ கார்டோசோ. அத்தனை தொலைவிலிருந்து ஒருவர் வந்து கேட்ட பாட்டை அயல்வீட்டாராகிய நாம் திருமண ஆரவாரம் என்று எண்ணிக் கடந்து போயினோம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ரொறன்ரோ மாணவன் விரும்பினால் அதனைக் கேட்கலாம். முதியோர் சிலர் இன்னும் அப்பாடல்களை அறிவர்.