அளவுகோலுக்கு அஞ்சும் ஆட்சி



"மக்கள் எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இனி நாங்கள் இடுவது ஆணை. நீங்கள் ஏற்பது கடமை. விளைவு என்னவென்று வினவுவோர் வளர்ச்சிக்குப் பகைவர்!" ஆளவந்தார்களின் பேச்சையும் போக்கையும் பிழிந்தெடுத்தால் கிடைக்கும் சாறு இதுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள் மட்டும் குடிமகன் மன்னன். மறுநாள் காலை முதல் அவன் மனுதாரன். இதற்குப் பெயர் ஜனநாயகமாம்!

அரசியல் நிர்ணய சபையின் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். 1948 நவம்பர் 4-ஆம் நாள், அரசியலமைப்பின் வரைவை அவையில் வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார். ஆட்சிக்கு நிலைத்த தன்மையும் வேண்டும், பொறுப்பும் வேண்டும்; ஆனால் இரண்டும் சம அளவில் ஒருங்கே கிடைப்பதில்லை என்றார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலில் வாக்காளர் செய்வது ஒரு மதிப்பீடு. கேள்விகள், தீர்மானங்கள், ஒத்திவைப்புப் பிரேரணைகள், நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் வாயிலாக அன்றாடம் நடப்பது மற்றொரு மதிப்பீடு. இவ்விரண்டில் அன்றாட மதிப்பீடே வலிமை மிக்கது. இந்தியா போன்ற நாட்டுக்கு அதுவே மிகவும் தேவை. அதனால்தான் நிலைத்த தன்மையைக் காட்டிலும் பொறுப்புக்கு முதலிடம் தரும் நாடாளுமன்ற முறையை வரைவு தேர்ந்துகொண்டது என்று அவர் விளக்கினார்.

பொருள் தெளிவல்லவா? வாக்கு, ஆளும் உரிமையை வழங்குகிறது. கணக்குக் காட்டுவதுதான் அந்த உரிமையைக் காக்கிறது. கணக்கை மறைக்கும் அரசு, வென்ற அரசாக இருக்கலாம். தகுதியுள்ள அரசாக இராது!

தமிழனுக்கு இது புதுச்செய்தியும் அன்று. பாண்டியன் அவையில் கண்ணகி கேட்டது இரக்கமா? இழப்பீடா? இல்லை, சோதனை! அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், பரல் தெறித்தது, தீர்ப்பின் பொய்ம்மை அவையறிய வெளிப்பட்டது. பாண்டியன் பிழை செய்தவன்தான். ஆயினும் வாயிலைத் திறந்துவிட்டான். சிலம்பைக் கொணரச் செய்தான். சான்றைக் கண்டபின் சாக்குச் சொல்லவில்லை. இன்றைய டில்லி ஆட்சியோ சிலம்பையே பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறது!

கடுஞ்சொல் என்று கருதுவோர் கணக்கைக் காணட்டும்.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு எட்டு மணி. ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே இரவில் வெறும் தாளாயிற்று. கறுப்புப் பணம் ஒழியும், கள்ள நோட்டு மாளும், பயங்கரவாதத்தின் நிதி வறளும் என்று காரணம் கூறினார்கள். நான்கைந்து இலட்சம் கோடி ரூபாய் வங்கிக்குத் திரும்பாது என்ற எதிர்பார்ப்பை அரசின் சார்பில் உச்சநீதிமன்றத்திலேயே எடுத்துரைத்தார்கள். கூலி கிடைக்காத தொழிலாளியும், விளைச்சலை விற்க இயலாத உழவனும், மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததை ஏந்தி வங்கி வாசலில் நின்ற தாயும், 'நாட்டுக்காகத்தானே' என்று பொறுத்தார்கள்.

பொறுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை யாருக்கு?

2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை வந்தது. செல்லாதெனப்பட்ட ஏறத்தாழ 15.42 இலட்சம் கோடி ரூபாயில் 15.31 இலட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, திரும்பி வந்துவிட்டது! ஒழிந்தது எங்கே? மாண்டது எது? மாறாக, 2015–16-இல் 3,421 கோடியாக இருந்த நோட்டு அச்சடிப்புச் செலவு, அடுத்த ஆண்டு 7,965 கோடியாக ஏறிற்று. இன்னும் கேளுங்கள். அறிவிப்பு வெளியான அதே நாள் மாலையில் கூடிய ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு, கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக அன்று, பொன்னாகவும் மனையாகவுமே இருக்கிறது என்று குறித்து வைத்திருந்தது. அந்தக் குறிப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின் துணையால் 2019-இல்தான் மக்கள் கண்ணுக்கு எட்டியது.

இலக்கு தவறியதும் இலக்கையே இடம் மாற்றினார்கள். 'ரொக்கமில்லாப் பொருளாதாரமே நோக்கம்' என்று புதுப்பாட்டு எழுந்தது. மின்னணுப் பரிமாற்றம் பெருகியது உண்மையே, மறுக்கவில்லை. ஆனால் 2016 நவம்பரில் 18 இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த ரொக்கப் புழக்கம், 2022-இல் 30 இலட்சம் கோடியைத் தாண்டியதே! அம்பு தைத்த இடத்தில் வட்டம் வரைந்துவிட்டு, குறி தவறவில்லை என்று கூத்தாடுவதா வில்வித்தை?

இது ஒரு திட்டத்தின் கதை மட்டுமாயின் மன்னிக்கலாம். அளக்கும் கோலையே ஒடிக்கும் போக்கு தொடர்ந்ததே! 2017–18-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு ஆய்வுக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அறிக்கை வெளிவரவில்லை. ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் உள்ளிட்ட இரு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் பதவி துறந்தார்கள். மக்களவைத் தேர்தல் முடிந்து, மே 30-ஆம் நாள் புதிய அமைச்சரவை பதவியேற்று, மறுநாள்தான் அறிக்கை வந்தது. வேலையின்மை 6.1 விழுக்காடு என்றது அது. தீர்ப்பெழுதிய பிறகு சாட்சியை அழைக்கும் நீதிமன்றம் உண்டா, தோழர்களே? அதே ஆண்டு நவம்பரில், குடும்பங்களின் நுகர்வுச் செலவு பற்றிய ஆய்வு, 'தரம் போதாது' என்று அடியோடு கைவிடப்பட்டது. 2011–12-க்குப் பிறகு அத்தகைய ஆய்வின் முடிவு வெளிவர 2024 ஆயிற்று. 2021-இல் எடுக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கோ, 2025 ஜூனில்தான் அறிவிக்கையே பிறந்தது. அதன் அடிப்படை நாள் 2027 மார்ச் 1!

ஆளவந்தார்களின் முதல் மறுமொழி என்ன? 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் 403 இடங்களில் 312-ஐ வென்றோம். அதுவே மக்கள் தந்த சான்று என்றார்கள். வாக்கு என்பது நூறு செய்திகளுக்குச் சேர்த்து இடும் ஒற்றை முத்திரை. சாலையும் சாதியும் வேட்பாளரும் அதில் கலந்திருக்கும். அதைக் கொண்டு ஒரு திட்டத்தின் பயனை அளப்பது, மழையை முழத்தால் அளப்பது போலாகும்.

இரண்டாவது மறுமொழி: உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டதே! உண்மை. 2023 ஜனவரி 2-ஆம் நாள், ஐவரில் நால்வர் அந்த நடவடிக்கை சட்டப்படி செல்லும் என்றனர். நீதிபதி நாகரத்னா மாறுபட்டு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் வழியே நடந்திருக்க வேண்டியது என்றார். ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பே என்ன கூறிற்று? நோக்கம் நிறைவேறியதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் முன்னுள்ள கேள்வி அன்று என்றது. அங்கே இல்லையென்றால் அந்தக் கேள்வி எங்கே வாழும்? மக்கள் மன்றத்தில்! நோட்டு செல்லுவது அதில் பொறித்த வாக்குறுதியால். ஆட்சி செல்லுவதும் அவ்வாறே. வாக்குறுதியைச் சோதிக்க விடாத ஆட்சி, சட்டத்தின் முன் செல்லலாம். மக்கள் மனத்தில் செல்லாக் காசுதான்!

வேறு வழியே இல்லையா? இருந்தது! 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய அதே ஆண்டில், அதைக் கண்காணித்து மதிப்பிடத் திட்டக் கமிஷனின் கீழ் தனி அமைப்பு உருவாயிற்று. அரசின் திட்டத்தை, அரசின் செலவிலேயே ஆராய்ந்து குறைகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, மக்களின் முன்முயற்சியைத் தட்டியெழுப்ப அத்திட்டம் தவறிவிட்டது என்று கூறத் தயங்கவில்லை. அதிலிருந்து பிறந்ததே 1959-இல் நாகௌரில் தொடங்கிவைக்கப்பட்ட பஞ்சாயத்து ராஜ். குறையைக் கண்டதால் ஜனநாயகம் குறையவில்லை, ஊர்வரை வளர்ந்தது!

அதே இராஜஸ்தானில், 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற சிற்றூரில் உழைப்போர் கூடினர். பஞ்சாயத்தின் செலவுக் கணக்கை ஊரார் முன்னே உரக்கப் படித்தனர். இத்தகைய மக்கள் விசாரணைகளில், உழைக்காதவன் பெயரில் கூலியும், முடியாத வேலைக்கு முழுப் பணமும் எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்று எழுந்த முழக்கம் 2005-இல் தகவல் உரிமைச் சட்டமாகக் கனிந்தது. அவ்வாண்டே பிறந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், வேலைகளைத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்கு அளித்தது. மதிப்பீடு வல்லுநரின் தனிச்சொத்து அன்று. வரி கட்டுவோன் கையிலும் அந்தக் கோல் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால், தோழர்களே, ஒன்றை மறவாதீர்! இந்த அளவுகோல் டில்லிக்கென்று மட்டும் செய்தது அன்று. நம்மவர் பொறுப்பேற்றிருக்கும் ஊராட்சியிலும் நகராட்சியிலும் இதே கோல்தான், இதே நீளந்தான்! 'நம்மவர்தானே' என்று கணக்கைப் படிக்காமல் கை தூக்கும் தோழன் கட்சிக்கு நண்பன் அல்லன். நம் திட்டத்தின் குறையை மாற்றார் சொல்லி ஊர் அறிவதைவிட, நாமே கண்டு திருத்தி ஊருக்கு உரைப்பதுதான் வலிமை. இடித்துரைப்போர் இல்லாத மன்னனை வீழ்த்தப் பகைவரே தேவையில்லை என்ற வள்ளுவர் வாக்கு, கட்சிகளுக்கும் பொருந்தும்.

ஆகவே செய்யவேண்டியது என்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2—கிராம சபை கூடும் அந்நாட்களில் ஒருவர் விடாது செல்லுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். சொன்ன சாலை எங்கே, வந்த பணம் எவ்வளவு, பயன்பெற்றோர் யார் யார் என்று கேளுங்கள். மறுத்தால் தகவல் உரிமை மனு எழுதுங்கள்; 30 நாளில் மறுமொழி தரச் சட்டம் கட்டளையிடுகிறது. எழுதத் தெரியாத ஏழைக்கு எழுதிக் கொடுங்கள்.

ஆளும் உரிமையை வழங்கியவர்கள் நாம். அதன் கணக்கைக் கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம். சிலம்பு பெட்டகத்தில் இருக்கிறது. திறக்கச் சொல்லுவோம், வாரீர்!